பழைய கம்ப்யூட்டர்: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

(தொடர் கல்வி மையத்தின் மாலை வகுப்பில் ஆற்றிய உரை)





வீட்டில் ஒரு பழைய சைக்கிள் இருக்கிறது. டயர் தேய்ந்துவிட்டது. செயின் துருப்பிடித்திருக்கிறது. என்ன செய்வீர்கள்? சைக்கிளையே தூக்கிப் போடுவீர்களா? மாட்டீர்கள். டயரை மாற்றுவீர்கள். செயினுக்கு எண்ணெய் விடுவீர்கள். ஆனால் நடுச்சட்டமே உடைந்துவிட்டால்? அப்போது புதிது வாங்குவதைப் பற்றி யோசிப்பீர்கள்.

கம்ப்யூட்டரும் அப்படித்தான். அதை ஒரே பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையில் பல பொருள்கள் சேர்ந்த ஒரு பெட்டி. ஒரு பொருள் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவரின் பணம் வீணாகும்.

இதை ஒரு குடும்பத்தின் கதையாகக் கேளுங்கள்.

இட்லிக்கார அக்காவின் வீடு

மும்பையில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கிறார்கள். தோல் வேலை செய்பவர்கள் உண்டு. விடியற்காலையில் இட்லி அவித்து நகரத்தில் விற்பவர்களும் உண்டு.

அப்படி ஒரு வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். இரவில் மாவு ஆட்டுவார். அதிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார். அவர் கணவர் சைக்கிளில் இட்லியை எடுத்துப் போய் விற்பார். 2014-இல் கணவர்தான் அந்த வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். "என் பிள்ளை படிக்கணும்" என்றார். 2019-இல் அவர் காலமாகிவிட்டார்.

இப்போது மகள் கல்லூரியில் படிக்கிறாள். மாலையில் அக்கம் பக்கத்தாருக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிறாள். கடைக்காரர்களுக்குப் பில் போட்டுத் தருகிறாள். அந்த வருமானத்தில்தான் அவள் கல்லூரிச் செலவு நடக்கிறது.

அக்கா சிறு வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. நாற்பது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் சேர்ந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார். கூட்டல், பெருக்கல் கற்றார். அந்தப் படிப்பு எப்படி உதவியது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

2025-ஆம் ஆண்டு மழைக்காலம் முடிந்தது. கம்ப்யூட்டர் தகராறு செய்யத் தொடங்கியது.

ஒன்று: பொத்தானை அழுத்தினால் வேலைக்குத் தயாராகப் பத்து நிமிடம் ஆனது.
இரண்டு: ஒவ்வொரு நாளும் தேதி தப்பாகக் காட்டியது.
மூன்று: வேலை நடுவில் தானாக அணைந்து போனது.
நான்கு: பெட்டிக்குள்ளிருந்து 'டக், டக்' என்று ஒரு சத்தம் வந்தது.

இதோடு திரையில் ஒரு செய்தியும் வந்தது. 'விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது' என்று.

"அம்மா, இது இனி ஆகாது. புதுசு வாங்கிரலாம்" என்றாள் மகள்.

அக்காவிடம் கொஞ்சம் பணம் இருந்தது. மகளிர் குழுவில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். பெரிய கிரைண்டர் வாங்க வைத்திருந்தார். பழைய கிரைண்டர் எந்த நாளும் நின்றுவிடும் நிலையில் இருந்தது. கிரைண்டர் நின்றால் மாவு இல்லை. மாவு இல்லையென்றால் சோறு இல்லை. கம்ப்யூட்டர் நின்றால் மகளின் படிப்பு இல்லை. இருப்பதோ ஒரே பணம்.

தவணைத் தாளில் என்ன இருந்தது?

தாயும் மகளும் மாகிம் ஸ்டேஷனில் ரயில் ஏறினார்கள். கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினார்கள். பக்கத்தில்தான் லாமிங்டன் ரோடு. கம்ப்யூட்டர் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. டெல்லிக்கு நேரு பிளேஸ், பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு, மும்பைக்கு லாமிங்டன் ரோடு.

ஒரு கடைக்காரர் புதுக் கம்ப்யூட்டரைக் காட்டினார். "பழையதைக் கொடுத்துவிடுங்கள். 500 ரூபாய் கழித்துக்கொள்கிறேன். மாதம் 2,400 ரூபாய் கட்டினால் போதும்" என்றார். ஒரு தாளை நீட்டி, "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்றார்.

முன்பாக இருந்தால் அக்கா பெருவிரலை நீட்டியிருப்பார். இப்போது தாளை வாங்கி மெல்ல மெல்லப் படித்தார். மகளைப் பேனா எடுக்கச் சொன்னார்.

அந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள்.

மாதத் தவணை 2,400 ரூபாய்.
மொத்தம் 18 தவணை.
2,400 × 18 = 43,200 ரூபாய்.
தாள் போடும் கட்டணம் 1,000 ரூபாய்.
ஆக மொத்தம் 44,200 ரூபாய்.
ரொக்க விலை 36,000 ரூபாய்.
கூடுதலாகக் கட்டுவது 8,200 ரூபாய்.

உங்கள் ஊரில் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் போட வேண்டிய கணக்கு இதுதான். தவணை என்றால் 'மாதம் எவ்வளவு' என்று கேட்டு நிறுத்தாதீர்கள். 'மொத்தம் எவ்வளவு' என்று கேளுங்கள். எழுதி வாங்குங்கள்.

அக்கா கையெழுத்துப் போடவில்லை. "யோசிச்சுச் சொல்றோம், சேட்" என்று இந்தியில் சொல்லிவிட்டு எழுந்தார்.

முதல் வேலை எது?

அதே தெருவில் ஒரு இளைஞர் இருக்கிறார். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். அக்கா அவரை அழைத்து வந்தார்.

அவர் வந்ததும் பெட்டியைத் திறக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார்.

"அக்கா, இந்தப் பெட்டிக்குள்ள உங்களுக்கு வேணுங்கிறது என்னென்ன இருக்கு?"

அக்காவுக்குப் பதில் சொல்ல நேரமானது. பிறகு சொன்னார்.

"அவுக போட்டோ எல்லாம் இதுக்குள்ளதான் தம்பி இருக்கு. வேற எங்கயும் இல்ல."

"கடைக்காரங்க பாக்கிக் கணக்கும் இதுலதான் இருக்கு" என்றாள் மகள்.

"அப்போ முதல்ல அதை வெளியே எடுப்போம். மத்ததெல்லாம் அப்புறம்" என்றார் இளைஞர்.

இது மிக முக்கியமான பாடம். கம்ப்யூட்டர் கெட்டால் இன்னொன்று வாங்கலாம். அதற்குள் இருக்கும் படமும் கணக்கும் போனால் கடையில் கிடைக்காது. நம் படங்கள், கடிதங்கள், கணக்குகள் எல்லாம் பதிந்திருக்கும் பொருளின் பெயர் ஹார்டு டிஸ்க். அதற்குள் ஒரு தட்டு வேகமாகச் சுற்றும். ஒரு சிறிய முள் அதைப் படிக்கும். பழைய இசைத்தட்டு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 'டக், டக்' என்று சத்தம் வந்தால் உள்ளே பழுது என்று பொருள். அது எந்த நிமிடமும் நின்று போகலாம். அப்போது மீண்டும் மீண்டும் போட்டு அணைக்கக் கூடாது. உடனே நகல் எடுக்க வேண்டும்.

இளைஞர் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினார். தன்னுடைய கம்ப்யூட்டரோடு இணைத்தார். முதலில் படங்கள், அடுத்து கணக்குகள் என்று நகல் எடுத்தார். இரவு பதினோரு மணி ஆனது. பெரும்பாலானவை கிடைத்துவிட்டன. ஒரு பகுதி மட்டும் திறக்கவே இல்லை. 2016-இல் ஊர்க் கோயில் கொடைக்குப் போனபோது எடுத்த படங்கள் அவை.

அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மிச்சம் கிடைச்சதே போதும் தம்பி" என்றார்.

நகலை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. இளைஞர் ஒரு நகலைப் பென் டிரைவில் போட்டார். இன்னொரு நகலைப் பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்காவின் தங்கை வீட்டில் வைக்கச் சொன்னார். ஏன் வேறு வீடு? 2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. எத்தனையோ வீடுகளில் வெள்ளம் புகுந்தது. ஒரே அலமாரியில் இரண்டு நகல் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே நனையும். பெட்டியையும் தரையில் வைக்காதீர்கள். உயரமான மேசையில் வையுங்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

மறுநாள் பெட்டியைத் திறந்தார்கள். முதலில் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டார்கள். நீங்களும் அப்படியே செய்ய வேண்டும்.

உள்ளே இருப்பதைப் புரிந்துகொள்ள அக்காவின் சமையல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

சமைக்கும் கை இருக்கிறது அல்லவா? அதுதான் பிராசசர். கணக்கு எல்லாம் போடுவது அதுவே.

அரிசி, பருப்பு அடுக்கி வைக்கும் சாமான் அறைதான் ஹார்டு டிஸ்க்.

காய் நறுக்க, மாவு எடுத்து வைக்க ஒரு மேடை இருக்கும். அதுதான் ரேம். மேடை சிறியதாக இருந்தால் என்ன ஆகும்? ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டுத்தான் மற்றொன்றைக் கொண்டு வர முடியும். வேலை தாமதமாகும்.

இவை எல்லாவற்றையும் தாங்குகிற சமையல்கட்டுத் தரைதான் மதர்போர்டு.

வீட்டு மின்சாரத்தை இந்தப் பொருள்களுக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கும் பெட்டி எஸ்.எம்.பி.எஸ். இதை மட்டும் யாரும் வீட்டில் பிரிக்கக் கூடாது. மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். ஆளைத் தூக்கி அடிக்கும்.

நான்கு தொல்லை, நான்கு காரணம்

இளைஞர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

தேதி ஏன் தப்பாகக் காட்டியது? மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு சிறிய பாட்டரி உண்டு. அதன் மேல் சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும். 20 என்பது அகலம், 20 மில்லிமீட்டர். 32 என்பது தடிப்பு, 3.2 மில்லிமீட்டர். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட வைப்பது இதுதான். சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். மாற்றினால் சரியாகும். பழைய பாட்டரியைக் கண்ட இடத்தில் போடாதீர்கள். குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். அப்படி நடந்தால் ஒரு நிமிடமும் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

தானாக ஏன் அணைந்தது? பிராசசரின் மேல் ஒரு சிறிய விசிறி இருக்கும். அதில் பஞ்சு போல் தூசி அடைத்திருந்தது. காற்று போகவில்லை. சூடு ஏறியது. அளவுக்கு மேல் சூடானால் கருகிப் போகாமல் இருக்கக் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். இளைஞர் மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினார். பிராசசருக்கும் அதன் மேல் உள்ள உலோகத்துக்கும் நடுவே ஒரு பசை தடவியிருக்கும். சூட்டைக் கடத்தும் பசை அது. காய்ந்து போயிருந்தது. துடைத்துவிட்டுப் புதுப் பசை தடவினார். பிறகு அணையவில்லை.

சத்தத்துக்குக் காரணம் ஹார்டு டிஸ்க் என்று முன்பே பார்த்தோம்.

ஏன் மெதுவாக ஓடியது? இரண்டு காரணம். ஹார்டு டிஸ்க் தளர்ந்திருந்தது. ரேம் 4 ஜி.பி. மட்டுமே இருந்தது. அன்றைக்கு அது போதும். இன்றைய வேலைக்கு அந்த மேடை சிறியது.

என்ன மாற்றினார்கள்?

பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்ற பொருளை மாட்டினார்கள். அதில் சுற்றும் தட்டு இல்லை. முள்ளும் இல்லை. செல்போனில் இருப்பது போன்ற சில்லுகளில் பதிவாகும். அதனால் சத்தம் இல்லை. வேகம் மிக அதிகம். பழைய கம்ப்யூட்டருக்குச் செய்யும் செலவுகளில் அதிகப் பலன் தருவது பெரும்பாலும் இதுதான். ஆனால் எஸ்.எஸ்.டி.யும் ஒரு நாள் கெட்டுப் போகும். அதனால் நகல் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது.

ரேம் மாட்ட ஒரு காலி இடம் இருந்தது. இன்னொரு 4 ஜி.பி. வாங்கினார்கள். மொத்தம் 8 ஜி.பி. ஆனது. இங்கே ஒரு எச்சரிக்கை. ரேமில் டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 என்று வகைகள் உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. பழைய ரேமில் ஒட்டியுள்ள தாளைப் படித்து, அதே வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அக்காவின் கம்ப்யூட்டரில் இருந்தது டி.டி.ஆர். 3.

விண்டோஸ் செய்திக்கு என்ன பொருள்?

கம்ப்யூட்டரை இயக்குவதற்கு ஓர் ஆணைத் தொகுப்பு வேண்டும். விண்டோஸ் அப்படிப்பட்ட ஒன்று. திருடர்கள் புகும் ஓட்டைகள் அதில் அவ்வப்போது தெரிய வரும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவற்றை அடைத்துத் தரும். விண்டோஸ் 10-க்கு அந்த வேலையை 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு மட்டும் மேலும் ஓர் ஆண்டு அவகாசம் தந்தது.

அதன் பிறகும் கம்ப்யூட்டர் ஓடும். ஆனால் பூட்டு பழுதான வீடு போல. அதில் வங்கி வேலை பார்ப்பது ஆபத்து.

விண்டோஸ் 11 போடலாமே என்று கேட்கலாம். அதற்குச் சில தேவைகள் உண்டு. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும்.

தலைமுறையை எப்படிக் கண்டுபிடிப்பது? எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும். ஐ3-4130 என்று இருந்தால், கோட்டுக்குப் பின் முதல் எண் 4. அது நான்காம் தலைமுறை. ஐ5-8400 என்று இருந்தால் எட்டாம் தலைமுறை. ஐ3-10100 என்று ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். அது பத்தாம் தலைமுறை.

அக்காவின் கம்ப்யூட்டர் நான்காம் தலைமுறை. விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை. அப்படியானால் வழி என்ன?

லினக்ஸ் என்ற வேறு ஆணைத் தொகுப்பு இருக்கிறது. பணம் கொடுக்க வேண்டியதில்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று பல வகை உண்டு. நம் நாட்டின் சி-டாக் நிறுவனமும் 2007-இல் 'பாஸ்' என்ற லினக்ஸை வெளியிட்டது. அதில் தமிழும் மற்ற இந்திய மொழிகளும் உண்டு. கடிதம் அடிக்க, கணக்குப் போட லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது.

லினக்ஸை உடனே போட்டுவிட வேண்டாம். பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிரின்டர் வேலை செய்கிறதா, இணையம் வருகிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யலாம். விண்டோஸில் மட்டும் ஓடும் தொகுப்புகள் சில உண்டு. கணக்கு எழுதும் தொகுப்போ தேர்வுத் தொகுப்போ அப்படி இருந்தால் லினக்ஸ் ஒத்துவராது. முன்பே விசாரிக்க வேண்டும்.

மகள் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தாள். பிரின்டர் வேலை செய்தது. ஆனால் பழைய தமிழ்க் கடிதங்கள் எல்லாம் புரியாத குறிகளாகத் தெரிந்தன. அவள் பயந்துவிட்டாள்.

"அண்ணே, எல்லாம் போச்சு!" என்றாள்.

"எதுவும் போகலம்மா. இது பழைய எழுத்துருவில் அடிச்சது. அந்த எழுத்துருவையும் ஏத்தணும்" என்றார் இளைஞர். ஏற்றினார். தமிழ் தெரிந்தது. இனி அடிக்கும் கடிதங்களை யூனிகோட் முறையில் அடிக்கச் சொன்னார். அப்படி அடித்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும், செல்போனிலும் படிக்கலாம்.

மொத்தச் செலவை அக்கா நோட்டில் எழுதினார். எஸ்.எஸ்.டி., ரேம், பாட்டரி, பென் டிரைவ், கூலி. கூட்டிப் பார்த்தார். புதுக் கம்ப்யூட்டர் விலையில் ஐந்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. மகளின் இரண்டு மாத வருமானத்தில் அது அடைந்துவிடும். கிரைண்டர் பணம் அப்படியே இருந்தது.

எப்போது புதிது வாங்க வேண்டும்?

எல்லா வீட்டிலும் கதை இப்படி முடியாது. சில சமயம் புதிது வாங்குவதுதான் சரி.

மதர்போர்டு கெட்டுவிட்டால் யோசியுங்கள். பழைய மாதிரி மதர்போர்டு எளிதில் கிடைக்காது. புதுமாதிரி போட்டால் பிராசசரும் ரேமும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். அது நடுச்சட்டம் உடைந்த சைக்கிள்.

பழுது பார்க்கும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் யோசியுங்கள்.

செய்ய வேண்டிய வேலைக்கு விண்டோஸ் 11 கட்டாயம் வேண்டும் என்றால் யோசியுங்கள். அப்போதும் புத்தம் புதிதுதான் வேண்டும் என்பதில்லை. பயன்படுத்திய கம்ப்யூட்டரைச் சரிசெய்து, உத்தரவாதத்தோடு விற்கிறார்கள். எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் உள்ளதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் மூன்று கடையில் விலை கேளுங்கள். எழுதி வாங்குங்கள். கம்ப்யூட்டருக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதம். "பில் வேண்டாம் என்றால் வரி இல்லாமல் தருகிறேன்" என்று சொல்வார்கள். ஏமாறாதீர்கள். பில் இல்லாவிட்டால் உத்தரவாதம் கேட்பதும் கடினம், வழக்குப் போடுவதும் கடினம். பில்லில் கடையின் பெயர், தேதி, பொருளின் வரிசை எண் இருக்கிறதா என்று படியுங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

மின்சாரக் கணக்கையும் பாருங்கள். 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். கம்ப்யூட்டரும் திரையும் சேர்ந்து 100 வாட் எடுத்தால், நாளைக்கு 5 மணி நேரத்துக்கு அரை யூனிட். மாதம் 15 யூனிட். பழைய டி.வி. போல் பெரிய கண்ணாடித் திரை வைத்திருந்தால் செலவு கூடும். அதை மாற்றுவது நல்லது.

பழையதை எங்கே போடுவது?

அக்காவின் வீட்டில் பழைய ஹார்டு டிஸ்க் மிஞ்சியது. பழைய சாமான்காரர் வாசலில் வந்து கேட்டார். அக்கா கொடுக்கவில்லை. ஏன்?

முதல் காரணம்: அழித்துவிட்டோம் என்று நினைக்கும் படங்களும் கணக்குகளும் அதற்குள் இருக்கும். தெரிந்தவர்கள் மீட்டு எடுத்துவிடுவார்கள். முழுவதும் துடைக்கும் தொகுப்பைக் கொண்டு துடைக்க வேண்டும். ஓடாத டிஸ்க் என்றால் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து உடைத்துவிட வேண்டும்.

இரண்டாம் காரணம்: கம்ப்யூட்டர் குப்பையில் நஞ்சு இருக்கிறது. பழைய கண்ணாடித் திரையில் ஈயம் உண்டு. பழைய பற்றவைப்பிலும் ஈயம் உண்டு. டெல்லியில் சீலம்பூர் என்ற இடம் இருக்கிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இந்தக் குப்பை அங்கே வந்து சேர்கிறது. ஏழை மக்கள் கையுறை கூட இல்லாமல் அதைப் பிரித்துப் பிழைக்கிறார்கள். செம்பு எடுக்க ஒயரை எரித்தால் நச்சுப் புகை வரும். தங்கம் எடுக்க அமிலத்தில் போட்டால் மண்ணும் நீரும் கெடும். அதைப் பிரிப்பவரும் நம்மைப் போன்ற ஒரு தாய் அல்லது பிள்ளைதான்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. மின்னணுக் கழிவு விதிகள் முதலில் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. இப்போதுள்ள 2022-ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. விற்ற நிறுவனங்களுக்கே பழையதை முறையாக அழிக்கும் பொறுப்பு உண்டு. அதனால் பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்திடமோ, நிறுவனத்தின் சேகரிப்பு மையத்திடமோ கொடுங்கள்.

நினைவில் வையுங்கள்

1. முதலில் படங்களையும் கணக்குகளையும் நகல் எடுங்கள். இரண்டு நகல், இரண்டு இடம்.
2. தூசி தட்டிப் பாருங்கள். சிறிய பாட்டரியைப் பாருங்கள். செலவு குறைந்ததை முதலில் செய்யுங்கள்.
3. அடுத்தது எஸ்.எஸ்.டி., ரேம்.
4. பிராசசர் எண்ணைப் படித்துத் தலைமுறையைத் தெரிந்துகொள்ளுங்கள்.
5. தவணை என்றால் மொத்தத்தைக் கணக்குப் போடுங்கள்.
6. பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.
7. பழையதைக் குப்பையில் போடாதீர்கள்.

அந்த அக்கா கம்ப்யூட்டர் நிபுணர் அல்ல. இன்றைக்கும் அவர் ரேமைத் தொட்டதில்லை. ஆனால் ஒரு தாளைப் படித்தார். ஒரு கணக்கைப் போட்டார். புரியாததைக் கேட்டார். கையெழுத்தைப் போடாமல் எழுந்து வந்தார். அவ்வளவுதான் செய்தார்.

அடுத்த மாதம் புதுக் கிரைண்டர் வந்தது. இரவில் அது ஓடும்போது பக்கத்தில் மகள் உட்கார்ந்து பில் அடிப்பாள். மேசைக்கு மேல் ஒரு படம் மாட்டியிருக்கிறது. சைக்கிளைப் பிடித்தபடி அவள் அப்பா நிற்கிறார். அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து கிடைத்த படம் அது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தாலும், செல்போன் மட்டும் இருந்தாலும் சரி. அதற்குள் இருக்கும் படங்களுக்கு வேறு நகல் இருக்கிறதா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். இல்லை என்றால் இந்த வாரமே எடுக்கச் சொல்லுங்கள்.

கேட்டுத் தெளிவோம். படித்துக் கையெழுத்திடுவோம்.